லைன் செத்தது, கணக்கு சாகவில்லை

இந்தமுறை ஊரில் நின்ற மூன்று கிழமையில் ஒரு கிழமை முழுக்க இன்டர்நெட்டுக்கே போய்விட்டது. உரும்பிராயில் அம்மா தனியாக இருக்கிறார். கேற்றடிக்கும் கிணற்றடிக்கும் இரண்டு கமரா பூட்ட வேண்டும், வட்ஸ்அப்பில் முகம் உறையாமல் கதைக்க வேண்டும். தேவை அவ்வளவுதான். விறாந்தையில் பழைய ரெலிபோன் சும்மா கிடக்கிறது. அப்பா மோசம்போன பிறகு யாரும் பில் கட்டாததால் லைனை வெட்டி ஆறு வருடம்.

லண்டனில் என் வீட்டு இன்டர்நெட்டுக்கு ரெலிபோன் நம்பரே இல்லை. பழைய செப்புக்கம்பித் தொலைபேசியை 2027 ஜனவரியோடு நிறுத்தப் போவதாகவே அங்கே அறிவித்திருக்கிறார்கள். அந்த நினைப்பில் யாழ்ப்பாணம் டவுனில் ரெலிபோன் கம்பனிக்குப் போய், "போன் வேண்டாம், நெட் மட்டும் தாங்கோ" என்றேன். கவுண்டரில் இருந்த தங்கச்சி விலாசத்தைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணை, இந்த வீட்டில 021 நம்பர் ஒண்டு இருக்கு."

"அது எப்பவோ செத்துப்போச்சு."

"லைன்தான் செத்தது. கணக்கு இருக்கு. நிலுவையும் இருக்கு."

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஏ.டி.எஸ்.எல். இன்டர்நெட், குரல் போகும் அதே சோடிக் கம்பியில்தான், குரலுக்கு மேலான அலைவரிசையில் வரும். கம்பி ஒன்றென்பதால் கணக்கும் அந்த நம்பரிலேயே தொங்கியது. நான் கேட்டதோ பைபர், அதாவது கண்ணாடி இழையில் வரும் இன்டர்நெட். அதற்குச் செப்புக்கம்பியே தேவையில்லை. ஆனாலும் நிலுவையைக் கட்டி, அப்பாவின் பெயரை மாற்றினால்தான் புது இணைப்பாம்.

மரணச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை, ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதம். ஜீ.எஸ். ஐயா முதல் நாள் கூட்டத்தில், அடுத்த நாளும் கூட்டத்தில். நிலுவை நாலாயிரம் சொச்சம் ரூபாய். அது பெரிய காசில்லை. எல்லாம் கட்டி முடித்து ரசீதை நீட்டிய பிறகுதான், பைபர் எங்கள் ஒழுங்கை முகப்போடு நின்றுவிட்டது, உள்ளே வர நாள் எடுக்கும் என்றார்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நானும் முதல் நாளே கேட்டிருக்கலாம். உங்கள் ஒழுங்கைக்குள் பைபர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மற்றக் கதைக்குப் போங்கள்.

சரி என்று வேறொரு கடையில் சிம் போடும் 4ஜி ரவுட்டர் எடுத்தோம். இருபது நிமிட வேலை. என் கடவுச்சீட்டை நீட்டாமல், அம்மாவை ஓட்டோவில் கூட்டிப்போய் அவருடைய அடையாள அட்டையிலேயே பதிந்தேன். நான் திரும்பிய பிறகு சிம்மில் சிக்கல் வந்தால் கடைக்குப் போக வேண்டியவர் அவர்தானே.

சாமியறையில் வைத்தபோது சிக்னல் ஒரு கோடு. சிக்னல் தரும் ரவர் (கோபுரம்) இருப்பது தெற்கே. இடையில் தடித்த சுவரும் இரண்டு மாமரமும். வீடு முழுக்கத் தூக்கித் திரிந்து கடைசியில் குசினி ஜன்னலில் மூன்று கோடு கண்டேன். "புகை படும்" என்று அம்மாவுக்கு இன்னும் மனவருத்தம்தான்.

டேட்டா வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நான் எடுத்த பக்கேஜில் பெரிய எழுத்தில் போட்டிருந்த தொகையில் பாதிக்கு மேல் நடுச்சாமத்துக்குப் பிறகு மட்டும் செல்லும். கோடையில் லண்டன் மாலை ஏழரைதான் ஊரில் நடுச்சாமம். நான் வேலையால் வந்து ஆறுதலாகக் கதைக்கும் நேரம் அதுதான், ஆனால் அம்மா எட்டரைக்கே படுத்துவிடுவார். பகல் டேட்டாவை மட்டும் கணக்கில் எடுங்கள்.

அதைவிடப் பெரிய தீனிக்காரன் கமரா. நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் ஓயாமல் ஏற்றினாலே, ஒரு கமராவுக்கு ஒரு நாளில் பத்து ஜி.பி. தாண்டும். முதல் இரண்டு நாளில் பகல் டேட்டா கரைந்தது அப்படித்தான். பிறகு கமராவுக்குள்ளேயே மெமரி கார்ட் போட்டு, பதிவு அங்கேயே நிற்கட்டும் என்று மாற்றினேன். பார்க்க நினைக்கும்போது மட்டும்தான் டேட்டா செலவாகிறது.

பழைய ரெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்ததால் கரன்ட் போனாலும் அது வேலை செய்யும். ரவுட்டர் அப்படியில்லை. 2022 இல் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட ஊர் என்பதால், 12 வோல்ட் சின்ன யூ.பி.எஸ். ஒன்றும் வாங்கிப் பூட்டிவிட்டு வந்தேன். நிலுவை கட்டிய ரசீது அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது, பைபர் ஒழுங்கைக்குள் வரும் நாளுக்கு.