செவுத்துல எழுத்து போட வினைல் கட்டிங்கா, அக்ரிலிக்கா, பெயின்டர் கையா?

கடலூர் மஞ்சக்குப்பத்துல நாங்க இருக்குற வாடகை வீட்டு ஹால்ல சோபாவுக்கு மேல செவுரு வெறுமனே கெடந்துச்சு, அங்க "வாங்க, உக்காருங்க, சாப்பிட்டுட்டு போங்க"ன்னு ஒரு வரி போடலாம்னு வீட்ல முடிவாச்சு. எங்கப்பா யாரு வந்தாலும் வாசல்ல நின்னு சொல்ற வரி அது. எதுல போடறதுன்னு தான் பேச்சு இழுத்துக்கிட்டே போச்சு, ஏன்னா எங்க சொந்தத்துலயே எல்லா விதமும் இருக்கு. புதுச்சேரி லாஸ்பேட்டைல அக்கா பிளாட்ல கெட்டி பிளாஸ்டிக்ல வெட்டுன அக்ரிலிக் எழுத்து, கடலூர் ஓ.டி.ல, அதாவது ஓல்டு டவுன்ல, அம்மா பொறந்த வீட்ல பெயின்டர் கையால எழுதுனது. நாங்க கடைசில போட்டது வினைல் கட்டிங், அதாவது முதுகுல கம் உள்ள மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்ட மெஷின்ல எழுத்தா வெட்டி ஒட்டறது. மூணையும் பக்கத்துல இருந்து பாத்தவங்கற முறையில சொல்றேன், என் ஓட்டு வினைலுக்கு தான், அதுலயும் பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷ்ல வர்ற, அப்புறமா உரிச்சு எடுக்கக்கூடிய ரிமூவபிள் வினைலுக்கு.

அழகும் விலையும் சீக்கிரம் சொல்லிடறேன். அக்ரிலிக் செவுத்துல இருந்து கொஞ்சம் தள்ளி நிக்கும், சாயங்காலம் லைட்டு போட்டா எழுத்துக்கு பின்னாடி நெழல் விழும், பாக்க அம்சமா இருக்கும், செலவும் அதுக்கு தான் ஜாஸ்தி. வினைல் தான் மூணுலயும் கம்மி. பெயின்டர் கூலி ஆளப் பொறுத்தது, நல்ல கை அமைஞ்சா அந்த எழுத்துல இருக்குற உயிரு மெஷின்ல வராது, இத நான் மனசார ஒத்துக்குறேன். ஆனா பிளக்ஸ் வந்ததுக்கு அப்புறம் எழுத்து எழுதுற ஆளுங்க கொறைஞ்சு போயிட்டாங்க, வீட்டுக்குள்ள ஒரே ஒரு வரிக்கு வர்றவங்க அதவிட கம்மி.

நான் எல்லாரையும் யோசிக்க சொல்றது ஒரே ஒரு விஷயம் தான், நாளைக்கு இத கழட்டும்போது செவுரு என்ன ஆகும்? ஒட்டுன அன்னிக்கு எப்படி இருக்கும்னு எல்லாரும் பாக்குறோம், கழட்டுற அன்னிக்கு எப்படி இருக்கும்னு யாரும் கேக்கறதில்ல. நம்ம பக்கம் இது பெரிய விஷயங்க. கடல் காத்து, உப்புத் தண்ணி, ஐப்பசி கார்த்திகை மழை, இதெல்லாம் சேந்து செவுத்துல ஓதம் ஏறும், உப்பு பூக்கும், சுரண்டிட்டு திரும்ப பெயின்ட் அடிச்சு தான் ஆகணும். வாடகை வீடுன்னா காலி பண்ணும்போது ஓனர் செவுத்த சுத்தி சுத்தி பாப்பாங்க, பேந்து போயிருந்தா அட்வான்ஸ்ல புடிச்சுக்குவாங்க. ஆக எப்படி இருந்தாலும் அந்த எழுத்து ஒரு நாள் கீழ எறங்கத்தான் போகுது.

செவுரு பாக்க ஒண்ணா தெரியும், ஆனா சிமெண்ட் பூச்சு, அதுக்கு மேல செவுத்த வழவழப்பாக்க தடவுற பட்டி, அதுக்கு மேல பிரைமர், அதுக்கு மேல எமல்ஷன் பெயின்ட்னு அடுக்கடுக்கா இருக்கு. நாம ஒட்டுறது எதுவா இருந்தாலும் மேல இருக்குற பெயின்ட்ட மட்டும் தான் புடிச்சுக்கிட்டு நிக்கும். அக்ரிலிக் எழுத்த ஒட்டுற, ரெண்டு பக்கமும் கம் உள்ள ஃபோம் டேப்போட புடி, பட்டி செவுத்த புடிச்சிருக்குற புடிய விட பலமா போயிடுது, அது தான் சிக்கலே. இழுத்தா டேப் வர்றதில்ல, பட்டி வருது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை கடந்துச்சே, அந்த மழைக்கு அக்கா வீட்டு வெளிச்செவுரு குடிச்ச தண்ணி உள்பக்கம் வந்து பட்டி உப்பிருச்சு, கொஞ்ச நாள்ல ஒரு எழுத்து தானா கீழ விழுந்துச்சு. எடுத்து திருப்பி பாத்தா முதுகுல டேப்பும், டேப் மேல உள்ளங்கை அகலத்துக்கு பட்டியும் பெயின்ட்டும் அப்படியே பலகை மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, செவுத்துல அந்த எடத்துல சாம்பல் கலர்ல சிமெண்ட்டு தெரிஞ்சுது. சிலிக்கான் போட்டு ஒட்டியிருந்தா இன்னும் மோசமா வந்திருக்கும். சொந்த வீடு, உள்பக்கத்து காஞ்ச செவுரு, பத்து வருஷம் கை வைக்கப் போறதில்லன்னா அக்ரிலிக் போடுங்க, நான் வேணாம்னு சொல்லமாட்டேன். துளை போட்டு ஸ்க்ரூல நிக்க வைக்கிற அக்ரிலிக்கும் இருக்கு, அத ஆபீஸ் ரிசப்ஷன்ல பாத்ததோட சரி, வீட்ல வச்சு பழகுனதில்ல.

பெயின்டர் எழுதுனதுல வேற கதை. எனாமல் பெயின்ட்ல எழுதியிருந்தா மேல எமல்ஷன் அடிச்சாலும் எழுத்தோட வரப்பு தெரியும், பக்கவாட்டுல வெளிச்சம் விழுந்தா பழைய வரிய படிச்சிடலாம். உப்புத்தாள் போட்டு தேச்சு, பிரைமர் வச்சு, அப்புறம் தான் பெயின்ட். வாடகை வீட்ல இத செய்ய ஓனர் கிட்ட முன்கூட்டியே கேட்டுக்கணும். ஆனா ஓ.டி. வீடு மாதிரி பழைய சுண்ணாம்பு செவுரா இருந்தா நான் கண்ண மூடிக்கிட்டு பெயின்டர கூப்பிடுங்கன்னு தான் சொல்லுவேன். அந்த செவுரு மூச்சு விடும், ஈரத்த உள்ள வாங்கி வெளிய விடும், மேல எப்பவும் ஒரு மாவு இருந்துக்கிட்டே இருக்கும், அதுல எந்த ஸ்டிக்கரும் நிக்காது. 2011 டிசம்பர் 30ல அடிச்ச தானே புயலுக்கு முன்னாடி எழுதுனது அந்த வீட்ல இன்னும் இருக்கு, கலர் மங்கி போயிருக்கு, ஆனா படிக்க முடியுது.

இப்ப வினைல். கடையில போய் வெறுமனே "ஸ்டிக்கர் கட்டிங்"னு சொன்னா பெரும்பாலும் பைக்குக்கும் கடை கண்ணாடிக்கும் போடற பளபளப்பான ரோல தான் எடுப்பாங்க, ரேடியம் கட்டிங்னு நம்ம ஊர்ல சொல்றோமே அந்த கடைங்க தான். அந்த பளபளப்பு ரோலு முக்காவாசி பர்மனென்ட் கம் உள்ளது, வெயில் மழை தாங்கறதுக்காக செஞ்சது, வீட்டு செவுத்துல அத ஒட்டுனா அதுவும் பெயின்ட்ட உரிச்சுக்கிட்டு தான் வரும். நீங்க கேக்கவேண்டியது மேட், ரிமூவபிள். ஓராகல் கம்பெனியில 651ன்னா பர்மனென்ட், 631ன்னா மேட் ரிமூவபிள், நம்பர சொல்லி கேட்டா பேச்சு சுலபமா முடியும். வேற கம்பெனி ரோலா இருந்தாலும் ரிமூவபிளான்னு கேட்டு, ரோலோட அட்டைய ஒரு தடவ பாத்துக்குங்க. மேட்ல இன்னொரு லாபம், டியூப் லைட்டு வெளிச்சம் பட்டு மின்னாது, தள்ளி நின்னு பாத்தா செவுத்துல எழுதுன மாதிரியே இருக்கும்.

கட் பண்றதுக்கு முன்னாடி தமிழ் எழுத்துக்குன்னு ஒரு வேலை இருக்கு. கடைக்காரங்க நெறைய பேரு கோரல்டிராங்கற டிசைன் சாஃப்ட்வேர்ல பழைய எழுத்துருவ வச்சிருப்பாங்க, நாம போன்ல யூனிகோடுல அடிச்சு அனுப்புனத அங்க ஒட்டுனா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு கலைஞ்சு போகும், அவங்க திரும்ப டைப் பண்ணுவாங்க, அதுல புள்ளி விட்டுப்போகும். எங்க வரில மட்டும் ஏழு புள்ளி இருக்கு, ஸ்கிரீன்ல ஒவ்வொண்ணா விரல் வச்சு எண்ணி பாத்தேன். ஒரு எழுத்து மேல இன்னொண்ணு ஏறி நின்னா ரெண்டையும் வெல்டு பண்ண, அதாவது ஒரே உருவமா சேக்க சொல்லணும், இல்லன்னா பிளேடு குறுக்க வெட்டிட்டு போயிடும். புள்ளிய கொஞ்சம் பெருசா வைக்க சொல்லுங்க, ஏன்னா சின்ன துண்டுக்கு ஒட்டுற பரப்பு கம்மி, மொதல்ல உரிஞ்சு விழறது அது தான். கட்டிங் முடிஞ்சதும் மிச்சத் துண்டுல நாலஞ்சு புள்ளி உபரியா வெட்டி வாங்கிக்குங்க, காசு கேக்கமாட்டாங்க.

செவுரு தாங்குமான்னு பாக்க ரெண்டு சோதனை. உள்ளங்கையால அழுத்தி தேச்சு பாருங்க, கையில வெள்ளையா மாவு வந்தா அது டிஸ்டெம்பர், இல்லன்னா சுண்ணாம்பு, வினைல மறந்துடுங்க. மாவு வரலன்னா கடையில கேட்டு வாங்குன வேஸ்ட் துண்ட சோபாவுக்கு பின்னாடி மாதிரி மறைவான எடத்துல ஒட்டி ஒரு வாரம் விட்டு உரிங்க. பெயின்ட் கூடவே வந்தா பட்டி மேல பிரைமர் அடிக்காம விட்டிருப்பாங்க. ஓரம் தானா தூக்கிக்கிட்டு நின்னா கறை புடிக்காதுன்னு விக்கிற வழவழப்பு பெயின்டா இருக்கும், அழுக்கு ஒட்டாம இருக்கறதுக்கு அதுல சேக்கறது ஸ்டிக்கரையும் ஒட்ட விடாது. மணல் மணலா டெக்ஸ்சர் அடிச்ச செவுத்துல மேடு மட்டும் தான் ஒட்டும், அதுலயும் வேணாம்.

புது பெயின்ட்னா மூணு நாலு வாரம் விடணும், தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், ஆனா உள்ளேர்ந்து ஆவி போயிக்கிட்டே இருக்கும், அது கம்ம தூக்கிடும். நம்ம ஊருக்கு கணக்கு சரியா வருது பாருங்க, மழை முடிஞ்சு பொங்கலுக்கு பெயின்ட் அடிக்கிறோம், ஒரு மாசம் விட்டா மாசி, செவுரும் நல்லா காஞ்சிருக்கும், ஒட்டறதுக்கு அத விட நல்ல நேரம் இல்ல. மழைக்காலத்துல ஒட்டவே ஒட்டாதீங்க. பாத்ரூமுக்கு பொது செவுரு, மேல தண்ணி டேங்க் இருக்குற மூலை, இதெல்லாம் எந்த மாசத்துலயும் வேணாம்.

ஒட்டறது கஷ்டமில்ல, பொறுமை தான் வேணும். மொதல்ல காஞ்ச துணியால தூசி தட்டணும், சோப்பு வேணாம். ரசமட்டம் வச்சு பென்சில்ல லேசா ஒரு கோடு போடுங்க, சீலிங்க நம்பி அளக்காதீங்க, பல வீட்ல சீலிங்கே மட்டமா இருக்காது. எழுத்த, எல்லா துண்டையும் அதது எடத்துல புடிச்சு வைக்க மேல ஒட்டித் தர்ற ட்ரான்ஸ்ஃபர் டேப்போட சேத்து கோட்டுல வச்சு, நட்டநடுவுல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டிடணும். இப்ப ஒரு பாதிய தூக்கி பின்னாடி பேப்பர உரிச்சு கத்தரில வெட்டிட்டு, நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா பழைய ஏடிஎம் கார்டுக்கு துணி சுத்தி தேச்சுக்கிட்டே படுக்க வைக்கணும், அப்புறம் அடுத்த பாதி. தமிழ்ல இந்த ட்ரான்ஸ்ஃபர் டேப் இல்லாம நடக்கவே நடக்காது. "போ"ங்கற ஒரு எழுத்தே கொம்பு, ப, கால்னு மூணு தனித்துண்டு, கையால ஒட்டுனா எடைவெளி போயிடும். கடைசில டேப்ப உரிக்கும்போது நம்ம பக்கமா இழுக்கக்கூடாது, செவுத்தோட ஒட்டுனாப்ல மடக்கி மெதுவா. புள்ளி டேப்போட கெளம்பி வரும், விடாதீங்க, திரும்ப படுக்க வச்சு விரலால அழுத்தி தேச்சுட்டு மறுபடி உரிங்க. கண்ணாடில ஒட்டற மாதிரி சோப்பு தண்ணி தெளிச்சு ஒட்டற வேலைய செவுத்துல செய்யாதீங்க.

பராமரிப்புன்னு பெருசா ஒண்ணும் இல்ல. காஞ்ச காட்டன் துணியால மேலேர்ந்து கீழ லேசா தொடைக்கணும், குறுக்க தேச்சா ஓரம் கெளம்பும். கறை பட்டா ஈரத்துணிய நல்லா பிழிஞ்சு ஒத்தி எடுங்க. தின்னர், கண்ணாடி தொடைக்கிற திரவம் ரெண்டும் பக்கத்துல வரக்கூடாது. ஒட்டடை அடிக்கும்போது தொடப்பக்குச்சி ஓரத்துல மாட்டாம பாத்துக்கணும். ஆயுத பூஜைக்கு செவுத்துல பொட்டு வைக்கிறவங்க அந்த எழுத்த விட்டு தள்ளி வைங்க, மேட் மேல குங்குமம் ஏறுனா போகாது. நாளாக நாளாக எழுத்த சுத்தி நூல் மாதிரி ஒரு கருப்பு கோடு வரலாம், வினைல் லேசா சுருங்கி ஓரத்து கம் வெளிய தெரிஞ்சு அதுல தூசி ஒட்டறது அது, உருண்டையா ஒரு மாஸ்கிங் டேப்ப வச்சு ஒத்தி ஒத்தி எடுத்தா வந்துடும்.

கழட்டுறத நான் பாத்ததையே சொல்றேன். இதுக்கு முன்னாடி இருந்த வீட்ல பையன் ரூம்ல அவன் பேர இதே மேட் ரிமூவபிள்ல போட்டிருந்தோம், காலி பண்ணும்போது எடுத்தேன். ஹேர் டிரையர கம்மி சூட்டுல வச்சு, ஒரே எடத்துல நிறுத்தாம காட்டுனா வினைல் எளகும், நகத்தால ஒரு மூலைய கெளப்பி செவுத்தோட மடக்குனாப்ல மெதுவா இழுத்தா முழுசா வந்துடுது. ரெண்டு எடத்துல லேசா பிசுக்கு இருந்துச்சு, விரலால உருட்டுனதும் போயிடுச்சு. தேங்காண்ணெய், மண்ணெண்ணெய் தடவுங்கன்னு சொல்றவங்க இருக்காங்க, கண்ணாடிக்கு சரி, செவுத்துல எண்ணெய் எறங்குனா அந்த திட்டு மேல பெயின்ட்டே சரியா நிக்காது. அது வெளிர் கலர் செவுரு, வெயில் படாத எடம், அதனால சுத்தமா வந்துச்சுன்னு நெனைக்கிறேன். அடர் கலர்ல, அதுவும் ஜன்னல் வெயில் விழற செவுத்துல, சுத்தியிருக்கற பெயின்ட் வெளுத்து எழுத்து இருந்த எடம் மட்டும் பழைய கலர்ல நெழல் மாதிரி நிக்கும், அது எந்த வினைலா இருந்தாலும் வரும்.

உங்க செவுரு சோதனைல தேறலன்னா எழுத்த கைவிட வேணாம், மரக்கதவு, ஸ்டீல் பீரோ, ஷோகேஸ் கண்ணாடின்னு எடம் இருக்கு. பீரோலயும் கண்ணாடிலயும் பர்மனென்ட் ரோலே போடலாம், அங்க சோப்பு தண்ணி தெளிச்சு, நகத்தி சரி பண்ணி, தண்ணிய கார்டால வெளிய தள்ளிட்டு ராத்திரி முழுக்க காய விட்டு காலைல ட்ரான்ஸ்ஃபர் டேப்ப உரிங்க.