மார்ச்சில் பில், மே மாதம் பணம்: ரொக்க முறையா, அக்ரூவல் முறையா?

திருப்பூரில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்னு வெச்சுக்கங்க. மார்ச் 10-ல் பனியன் தைத்துக் கொடுத்து 3 லட்சத்துக்கு பில் போட்டாச்சு. பணம் மே மாதம்தான். கூலி, தையல் நூல், கரண்ட் என்று 2.4 லட்சம் மார்ச்சிலேயே போயிருச்சு.

ரொக்க முறையில், அதாவது பணம் கைமாறும்போது மட்டும் கணக்கு எழுதினால், மார்ச்சில் 2.4 லட்சம் நட்டம், மே மாதம் 3 லட்சம் லாபம். நடுவில் மார்ச் 31 வேறு. நட்டம் ஒரு நிதியாண்டில், லாபம் அடுத்ததில்! அக்ரூவல் முறையில், அதாவது பணம் எப்போது வந்தாலும் வேலை முடிந்த மாதத்திலேயே கணக்கு எழுதினால், வருமானமும் அதற்கான செலவும் மார்ச்சிலேயே சேரும்: லாபம் 60,000. வரவேண்டிய 3 லட்சம் கடனாளிகள் கணக்கில் நிற்கும். 2013 கம்பெனிச் சட்டம் கம்பெனிகளுக்குக் கேட்பது இதைத்தான். பெட்டிக்கடைக்கு ரொக்க முறையே போதுமுங்க.

என் ஓட்டு அக்ரூவலுக்கு. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்துக்கு நிற்கும் டெய்லரிடம் அந்த 60,000-ஐக் காட்ட முடியாது. அதற்கு ரொக்கப் புத்தகத்தைத்தான் புரட்டணும்.