வாக்குத்தத்தப் பெட்டி வாங்குமுன் யோபு 8:7 அட்டையைத் தேடுங்கள்

டிசம்பர் வந்துவிட்டால் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் வாக்குத்தத்தப் பெட்டி, அதாவது வேதாகம வாக்குத்தத்த வசனங்களைச் சீட்டுகளாக அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கும் பெட்டி, முன்மேசைக்கு வந்துவிடும். பெரும்பாலும் இரண்டு வகைதான்: தட்டை அட்டைகளை அடுக்கிய பெட்டி, காகிதத்தைச் சுருட்டிச் செருகிய பெட்டி. சுருள் பார்க்க அழகு, உபயோகத்துக்கு ஆகாது. விரித்தால் விரித்தபடி நிற்காது, பின்பக்கம் எழுத வராது, மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தட்டை அட்டையே வாங்குங்கள். பளபளப்புப் பூச்சு முன்பக்கம் மட்டும் இருக்கட்டும், பின்பக்கம் பேனா பிடிக்க வேண்டும். முதியவர்களுக்கு வாங்கினால், வசனத்தைவிட அதன் அதிகார எண் எவ்வளவு பெரிதாக அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். வசனத்தைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு எண்ணை மூலையில் எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சடித்திருந்தால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிடலாம். எண் தெரியாத அட்டையிலிருந்து வேதாகமத்துக்குப் போக வழியில்லை.

காகிதத்தைவிட வசனத் தேர்வே முக்கியம். அதைக் கடையில் நின்றபடியே சோதிக்கலாம். முதலில் யோபு 8:7: துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்ற வசனம். புதுக்கடை திறப்பு, திருமண அழைப்பிதழ், புத்தாண்டு அட்டை எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். பேசுகிறவர் கர்த்தர் அல்ல, யோபின் சிநேகிதர்களில் ஒருவரான சூகியனான பில்தாத். பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் பறிகொடுத்த யோபிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் செத்திருப்பார்கள் என்கிற தொனியில் 4-ஆம் வசனத்தில் பேசிவிட்டு, மூன்று வசனம் தாண்டி இதைச் சொல்கிறார். 42:7-இல் கர்த்தர் இந்தச் சிநேகிதர்கள்மேல் கோபம் மூண்டு, நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்கிறார். யோபின் பின்னிலைமை ஆசீர்வதிக்கப்பட்டது உண்மைதான், அதை 42:12 சொல்கிறது. அந்த வசனத்தை அட்டையில் போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. 8:7-ஐ எடுத்துத் துக்க வீட்டில் கொடுத்தால் பில்தாத் செய்ததையே நாமும் செய்கிறோம்.

அடுத்தது உபாகமம் 28:13. 'வாலாக்காமல் தலையாக்குவார்' மட்டும் இருக்கிறதா, கட்டளைகளுக்குச் செவிகொடுத்தால் என்ற நிபந்தனையும் சேர்ந்து அச்சாகியிருக்கிறதா? அதே அதிகாரத்தின் 44-ஆம் வசனம், செவிகொடாதவன் வாலாயிருப்பான், கடன்படுவான் என்று அப்படியே திருப்பிப் போடுகிறது. நிபந்தனையை வெட்டிய பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

உங்கள்பேரில் நான் நினைத்திருப்பவை சமாதானத்துக்கான நினைவுகளே என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 எல்லாப் பெட்டியிலும் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் அது பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம், முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று தவணை போட்டிருக்கிறது. அதுவரை செய்யவேண்டியது 5 முதல் 7 வரை உள்ள வசனங்களில்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். பிழைப்புக்காக வேற்றூரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு 11-ஐவிட 7-ஆம் வசனம் அதிகம் உதவும். அது ஏனோ அட்டைக்கு வருவதில்லை.

இந்தச் சரக்கின் பெரிய குறையும் அதுதான். வாக்குத்தத்தம் மட்டும் உண்டு, கட்டளையும் இல்லை புலம்பலும் இல்லை. நண்பர் ஜாமீன் கையெழுத்து கேட்டு வாசலில் நிற்கும்போது தேவைப்படுவது நீதிமொழிகள் 6:1-5: ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று என்றால் தூங்காதே, போய்க் கெஞ்சி உன்னை விடுவித்துக்கொள். வேலையாளின் கூலியை நாளைக்கு என்று தள்ளும் முதலாளிக்கு லேவியராகமம் 19:13. வீட்டில் பேச்சு முற்றும்போது நீதிமொழிகள் 15:1, மெதுவான பிரதியுத்தரம். பிள்ளை ஐசியூவில் இருக்கும் தாய்க்கு 'எதுவரைக்கும்' என்று கேட்கும் சங்கீதம் 13.

ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊரின் மொராவியன் சபை 1731-லிருந்து தினவசனப் புத்தகம் அச்சிடுகிறது. அங்கேயும் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அதற்குப் பொருந்துகிற புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றை ஆள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறார். நம் பெட்டியில் அந்த வேலை வாங்குகிறவர் தலையில் விழுகிறது.

அதைச் செய்யக் காலையில் பத்து நிமிஷம் போதும். அட்டையை எடுத்ததும் வேதாகமத்தில் அந்த அதிகாரத்தைத் திறந்து முழுவதும் வாசியுங்கள், நேரமில்லை என்றால் மேலே ஐந்து வசனம், கீழே ஐந்து வசனமாவது. யார் யாரிடம் சொல்கிறார், நிபந்தனை உண்டா என்று பார்த்து, இன்றைக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை அட்டையின் பின்னால் தேதியோடு பென்சிலில் எழுதுங்கள். எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்று பவுல் சொல்லும் பிலிப்பியர் 4:13 வந்தால் 12-ஐயும் வாசிப்பீர்கள். பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றவனுடைய பெலன் அது, பரீட்சையில் முதல் மார்க் வாங்கும் பெலன் அல்ல. அப்போது பின்பக்கத்தில் 'இந்த மாதம் புதுத் தவணை வேண்டாம்' என்று எழுதத் தோன்றலாம்.

பிடிக்காத அட்டை வந்தால் திரும்பப் போட்டு வேறு எடுக்காதீர்கள். வரன் சரியா, வேலையை விடலாமா என்று கேட்டுச் சீட்டு எடுக்கவும் இது கருவியல்ல. அப்போஸ்தலர் 1-இல் யூதாசின் இடத்துக்கு ஆளைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டார்கள்தான். யோவான் ஸ்நானன் காலமுதல் கூட இருந்தவனா என்று தகுதி பார்த்து, இரண்டு பேராகக் குறைத்து, ஜெபம் பண்ணின பிறகு.

வாங்கினால் கூடவே ஒரு தடித்த சார்ட் தாளும் வாங்கி, அதே அளவில் இருபது அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஜாமீன், கூலி, பிரதியுத்தரம், 'எதுவரைக்கும்' வசனங்களை அவற்றில் எழுதிப் பெட்டிக்குள் கலந்து வையுங்கள். பில்தாத் அட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 42:12-ஐப் போடுங்கள்.