வயலா, மனையா? ஜாவா கிராமத்தில் எதை வாங்குவது

இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் பொனோரோகோ, பிளிடார் பக்கத்து ஊர்களில், ஹாங்காங்கிலும் தைவானிலும் வீட்டு வேலை பார்த்துச் சேர்த்த பணம் பெரும்பாலும் நிலத்தில்தான் போய் விழும். நெல்வயல் வாங்குவதா, வீட்டு மனை வாங்குவதா என்பதுதான் பேச்சு.

வயலுக்கு மவுசு தனி. வாய்க்கால் தண்ணீர் ஒழுங்காக வந்தால் வருடத்துக்கு இரண்டு போகம், சில இடங்களில் மூன்று. உழைக்க ஆள் இல்லையா? 'மாரோ' என்கிற பங்குச் சாகுபடிக்கு விட்டால் விளைச்சலில் பாதி வரும். கதிர் முற்றியதும் வியாபாரி வரப்பில் நின்று கண்ணாலேயே அளந்து, பயிரை அப்படியே மொத்தமாக விலை பேசுவார்; அறுப்புக்கூலி அவர் பாடு. ஆனால் 1961 விதிப்படி, விவசாய நிலத்தின் சொந்தக்காரர் எங்கோ தொலைவில் குடியிருக்க முடியாது. 2009 சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட வயல் என்றால் வீடு கட்டும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

மனையில் இந்தத் தலைவலி இல்லை. தென்னை, வாழை, பலா, பின்னால் கோழிக்கூடு. ஓரமாக 'செங்கோன்' என்கிற பலகை மரம் நட்டால் ஐந்தாறு வருடத்தில் வெட்டி விற்கலாம். கைச்செலவுக்கு ஆகும், அவ்வளவுதான். மறுபடி வெளிநாடு போகிறவருக்கு மனையே மேல் என்பேன். ஊரோடு இருக்கப் போகிறவர் வயலை விடக் கூடாது.

எதை வாங்கினாலும் 'லெட்டர் சி'யை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அது கிராம அலுவலகத்தின் வரிப்பதிவேடு. உரிமைச் சான்றிதழ் வேறு. அப்புறம், 1960 நிலச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு முழு உரிமை கிடையாது. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிவைக்கும் தந்திரமும் செல்லாது.