மழை நாள்ல எம்பிரஸ் பிளேஸ்: மத்தியானம் கப்பல், சாயங்காலம் நாடகம்

டிசம்பர் லீவு, சனிக்கிழமை, விடிஞ்சதுல இருந்து மழை விடவே இல்ல. மக தொடக்கநிலை 4, வீட்ல வச்சிருந்தா டேப்லெட்ட விட்டு நிமிர மாட்டா, அதனால அம்மாவையும் கூட்டிக்கிட்டு கெளம்பிட்டோம். மொதல்ல சிங்கப்பூர் எம்பிரஸ் பிளேஸ்ல இருக்க ஆசிய நாகரிக அரும்பொருளகம், அப்புறம் அதுக்குப் பக்கத்துலயே இருக்க விக்டோரியா தியேட்டர்ல ஒரு தமிழ் நாடகம்.

ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டில எச் வாசல் வழியா வந்து கேவனா பாலத்தத் தாண்டினா அரும்பொருளகம். ஆனா பாலத்துக்கு மேல கூரை இல்ல, காத்தடிச்சா குடை நிக்காது. வயசானவங்க கூட வந்தா டாக்சி எடுத்துடுங்க, அம்மாவோட முட்டிவலிக்கு நாங்க அதத்தான் செஞ்சோம். குடிமக்களுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசிகளுக்கும்) நிரந்தரக் கூடங்கள் இலவசம்.

எல்லா மாடியும் ஏறி எறங்கி நுனிப்புல் மேயாம, கீழ இருக்க தாங் (சீன அரச வம்சம்) காலத்துக் கப்பல் கூடத்துல மட்டும் ரெண்டு மணி நேரம் இருந்தோம். 9ஆம் நூற்றாண்டுக் கப்பல், சீனாவுல இருந்து மேற்க போறப்ப இந்தோனேசியாவோட பெலித்துங் தீவுகிட்ட மூழ்கிருக்கு, 1998ல கடல் அட்டை எடுக்க முங்கினவங்க கண்ணுல பட்டிருக்கு. சுமார் 60,000 பீங்கான் சாமான், பெரும்பாலும் சீனாவோட சாங்ஷால செஞ்ச கிண்ணம். ஒவ்வொன்னுலயும் பூ, பறவை, மீன்னு கையால வரைஞ்சது, ரெண்டு கிண்ணம் அச்சு அசலா ஒரே மாதிரி இல்ல. ஒரு பெரிய ஜாடிக்குள்ள கிண்ணங்கள சுருள் சுருளா எப்படி அடுக்கினாங்கன்னு காட்டியிருக்காங்க, அங்கதான் அம்மா நின்னுட்டாங்க. ஊருக்குக் கப்பல்ல சாமான் அனுப்பறப்ப கண்ணாடி டம்ளர ஒன்னுக்குள்ள ஒன்னு பேப்பர் சுத்தி வைக்கிறவங்க அவங்க, அந்தக் கைப்பழக்கம் அவங்களுக்குத் தெரியுது. கப்பல்ல ஆணியே கிடையாது, பலகைய ஓட்டை போட்டு கயிறால தச்சதுன்னு நான் படிச்சுச் சொன்னதும் "கயித்துலயாடி கடலக் கடந்தாங்க?"ன்னு கேட்டுட்டு அந்தக் கப்பலோட மாதிரியையே ரொம்ப நேரம் பாத்தாங்க. ஜாடியில அன்னாசிப்பூவும் இருந்துச்சாம், அதக் கேட்டதும் மக "பாட்டி, நீங்க பிரியாணிக்குப் போடறதா?"ன்னு ஓடி வந்தா. பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போறவங்க கட்டாயம் இந்தக் கூடத்துல இருந்து ஆரம்பிங்க.

சாப்பாடுதான் சொதப்பிடுச்சு. பக்கத்துல ஒரு கடைல மழைக்கு ஒதுங்கின கூட்டம், 50 நிமிஷம் காத்திருந்து ஆறிப்போன நூடுல்ஸ் வந்துச்சு. வீட்லயே நல்லா பசியாறிட்டு வந்துடுங்க.

விக்டோரியா தியேட்டருக்கு ரெண்டு நிமிஷ நடை. 1862ல நகர மண்டபமா கட்டினது, புதுப்பிச்சு 2014ல திரும்ப தொறந்தாங்க, 614 இருக்கை. பழைய நாற்காலிகளோட பாகங்களத் தூக்கிப் போடாம சுவத்துலயே பதிச்சிருக்காங்க, உள்ள போகுமுன்ன அதத் தொட்டுப் பாருங்க. இடம் சின்னதுதான், அதனாலயே நடிகரோட மூச்சு வாங்கறது வரைக்கும் கேக்குது.

நாடகம் கப்பல்பட்டறைல வேலை பாத்து ரிட்டையர் ஆன ஒரு அப்பாவப் பத்தி. எங்கப்பா செம்பவாங் பட்டறைல இருந்தவர். மேடைல அந்தப் பெரியவர் தன்னோட பழைய டிபன் கேரியரக் கழுவித் தொடைச்சு அலமாரில வைக்கிற காட்சில ஒரு வசனமும் இல்ல, ஹால்ல இருமல் சத்தம்கூட இல்ல, அம்மா என் கையப் புடிச்சவங்க விடவே இல்ல. இடைவேளைக்கு அப்புறம் வர்ற சொத்துத் தகராறு நீளம், ஒரு கால் மணி நேரத்த வெட்டியிருக்கலாம். மேல ஆங்கில வசனம் ஓடுச்சு, மக மொதல்ல அதையே படிச்சா, பாதிக்கு மேல அண்ணாந்து பாக்கறத விட்டுட்டா, எனக்கு அது பெரிய சந்தோஷம்.

ஏசி குளிருக்கு சால்வை எடுத்துக்கோங்க, மழைல நனைஞ்சுட்டு உக்காந்தா நடுங்கிடும். அரும்பொருளகம் வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணி வரைக்கும் இருக்கு, மேல் மாடிகளுக்கு அப்போ வரலாம்னு அம்மாவே சொல்லிட்டாங்க.