கர்ப்பத்தில் மனநல மாத்திரை: ஊரில் கிடைத்த இரண்டு ஆலோசனைகள்

ஐந்தாம் மாதத்தில் ஊருக்குப் போயிருந்தேன். மனச்சோர்வுக்குச் சில வருடங்களாகச் செர்ட்ராலின் சாப்பிடுகிறேன். கர்ப்பம் உறுதியான பிறகும் தொடரும்படி நான் வசிக்கும் நாட்டில் உள்ள மருத்துவர் சொல்லியிருந்தார். ஊரில் வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில், மகப்பேறு மருத்துவர் என் சீட்டை வாங்கிப் பார்த்து அந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்தார். "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு இதெல்லாம் எதுக்கும்மா? இன்னிக்கே நிறுத்திடுங்க." எதற்காகச் சாப்பிடுகிறேன் என்று கேட்கவே இல்லை.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு, தூக்கமின்மை வரலாம். அடங்கியிருந்த நோயே திரும்பிவிடலாம். தாய் சாப்பிடாமல், தூங்காமல் கிடந்தால் அது பிள்ளையையும் பாதிக்கும்.

மறுநாள் அதே கட்டடத்தில் மனநல மருத்துவரைப் பார்த்தேன். அவருடைய முதல் கேள்வியே, "முன்னாடி நிறுத்திப் பார்த்திருக்கீங்களா? அப்ப என்ன ஆச்சு?" மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்ததைச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். எல்லா மருந்தையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கும் தரும் வால்ப்ரோயேட் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளில் 10-ல் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடும், 10-ல் 3 அல்லது 4 குழந்தைகளுக்கு வளர்ச்சிச் சிக்கலும் வரலாம். அதைக் கர்ப்பத்தில் தவிர்க்கத்தான் பார்ப்பார்கள். மனநிலை ஏற்ற இறக்க நோய்க்குத் தரும் லித்தியம் என்றால் ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். செர்ட்ராலின் அப்படியல்ல, கர்ப்பிணிகளிடம் நீண்டகாலம் பயன்பட்டுவரும் மருந்து, தாய்ப்பாலிலும் மிகக் குறைவாகவே சேரும்.

ஆபத்தையும் அவர் மறைக்கவில்லை. கடைசி மாதங்களிலும் சாப்பிட்டால், பிறந்த குழந்தைக்குச் சில நாட்கள் நடுக்கமும் சிணுங்கலும் பால் குடிப்பதில் சிரமமும் இருக்கலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். நுரையீரலில் ரத்த அழுத்தம் கூடும் அரிதான சிக்கல், வழக்கமாக 1,000 குழந்தைகளில் சுமார் 2 பேருக்கு வருவது, 3 பேருக்கு வரலாம். இப்படி எண்ணோடு சொன்னதுதான் எனக்குத் தைரியம் தந்தது.

மாத்திரையைத் தொடரலாம் என்றும், பிரசவத்தின்போது குழந்தை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் மகப்பேறு மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அடுத்தடுத்த மாடியில் இருக்கும் இருவரும் போனில் பேசியிருந்தால் எனக்கு அந்த ஓர் இரவுத் தூக்கம் கெட்டிருக்காது.

ஊருக்குப் போகும் கர்ப்பிணிகள் கிளம்பும்முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைக்குக் கம்பெனி வைக்கும் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மருந்தின் மூலப்பெயர் (செர்ட்ராலின் என்பது போல), மில்லிகிராம், ஏன் தொடர்கிறீர்கள் என்ற காரணம் மூன்றும் அதில் இருக்கட்டும்.