மோட்டாரை யார் நிறுத்துவது: அலாரமா, மிதவையா, டைமரா, ஆட்டோமேட்டிக்கா?

டெல்டாவில் வீட்டு மோட்டார் என்றால் பெரும்பாலும் ஆழம் குறைந்த போர்வெல்தான். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் கேட்கவே வேண்டாம், 1 எச்பி மோட்டார் 1000 லிட்டர் டேங்கை அரை மணி நேரத்துக்குள்ளேயே நிரப்பிவிடும். நிரம்பியது தெரியாமல் இன்னொரு அரை மணி ஓடினால் மொட்டை மாடியில் இன்னும் ஒரு டன் தண்ணீர். மாடி வடிகால் துளையைப் பூவரச இலை அடைத்திருந்தால் அது தட்டோட்டு இடுக்கு வழியாக இறங்கி, முதலில் கூரையில் ஓதம் காட்டும், அப்புறம் சுவரில் உப்பு பூக்கும், கடைசியில் உள்ளே கம்பி துருப்பிடித்து சீலிங் பூச்சு பெயர்ந்து விழும். அதற்கு ஆகும் கொத்தனார் கூலியை நினைத்தால் நான் கீழே சொல்கிற எதுவுமே பெரிய செலவில்லை. ஆனால் எதை மாட்டுவது என்று கேட்டால் பிளம்பர் ஒன்று சொல்வார், கடைக்காரர் ஒன்று சொல்வார், எலக்ட்ரீஷியன் வந்து ரெண்டும் தப்பு என்பார்.

பிளம்பர் சொல்வது மிதவை வால்வு. தண்ணீர் ஏற ஏற பந்து மேலே வந்து குழாய் வாயை மூடிவிடும், கரண்டு வேண்டாம், ஒயர் வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இது மூடுவது குழாயை மட்டும், மோட்டாரை நிறுத்துவதில்லை. மோட்டார் கீழே ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் போக வழியில்லாமல் அழுத்தம் முழுக்க குழாயின் ஜாயிண்டுகள் மேல் ஏறும். போருக்குள் தண்ணீரில் மூழ்கி நிற்கும் சப்மெர்சிபிள் மோட்டார் தன்னைச் சுற்றி ஓடுகிற தண்ணீரால்தான் சூடு தணிகிறது, ஓட்டம் நின்றால் அதன் காயிலுக்குக் கேடு. மேலே நிற்கும் மோனோபிளாக் என்றால் உள்ளே இருக்கிற தண்ணீரே கொதிக்கிற அளவுக்குச் சூடேறி சீல் போய்விடும். சுவருக்குள் பதித்த குழாயில் ஜாயிண்ட் விட்டுப்போனால் டேங்க் வழிவதே மேல் என்று தோன்றும். மோட்டார் லைனில் மிதவை வால்வை மட்டும் நம்புவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

அதே வால்வுக்கு வேறொரு இடம் உண்டு, அங்கே அதை மிஞ்ச ஆளில்லை. கொள்ளிடம் கூட்டுக் குடிநீரோ ஊராட்சிக் குழாய்த் தண்ணீரோ நேரங்கெட்ட நேரத்தில் வந்து சம்ப்பில் விழுகிற வீடுகள் இருக்கின்றன அல்லவா, அந்தக் குழாய் வாயில் இதை மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அங்கே நாம் நிறுத்த வேண்டிய மோட்டார் எதுவும் இல்லை.

டைமர் மலிவு, இருபது நிமிடம் வைத்தால் இருபது நிமிடத்தில் நின்றுவிடும். மற்ற ஊர்களில் எப்படியோ, நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12ல் திறப்பார்கள், ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவது மரபு, நடுவில் ஐப்பசி கார்த்திகை மழை வேறு. நிலத்தடி நீர்மட்டம் சித்திரையில் ஒரு இடத்தில், கார்த்திகையில் வேறொரு இடத்தில். கோடையில் டேங்க் நிரம்ப ஆகிற நேரத்தை டைமரில் வைத்துவிட்டு மறந்தால் மழைக்காலத்தில் தினமும் வழியும், மழைக்கால நேரத்தை வைத்தால் கோடையில் குளிக்கப் போகும்போது அரை டேங்க்தான். தனியாக உதவாது. டேங்க் நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்துகிற ஆட்டோமேட்டிக் ஏதாவது பழுதானால் எந்தக் காரணத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று பின்னால் ஒரு காவலாக வைத்தால் நல்லது.

அலாரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் தொட்டதும் கத்தும், யாராவது எழுந்து போய் நிறுத்த வேண்டும். வீட்டில் எப்போதும் ஆள் இருந்து, அவருக்குக் காதும் நன்றாகக் கேட்டால் போதும்.

ஆட்டோமேட்டிக்தான் எலக்ட்ரீஷியன் கட்சி, நானும் அந்தக் கட்சிதான், ஆனால் எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றில்லை. டேங்குக்குள் ஸ்டீல் கம்பிகளைத் தொங்கவிட்டு, தண்ணீர் வழியாகக் கரண்டு பாய்வதை வைத்து மட்டம் அறிகிற வகைதான் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். நல்ல தண்ணீருக்கு அது சரி. வேதாரண்யம், நாகப்பட்டினம் மாதிரி கடலோரப் பக்கத்து உப்புத் தண்ணீரில் கம்பி அரித்துப்போகும், இரும்புச் சத்தும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரில் கம்பி மேல் படலம் படியும், அப்புறம் டேங்க் நிரம்பியது அதற்குத் தெரியாது. அதைவிட, ஒரு குழாயில் ஏறி இறங்குகிற காந்த மிதவை வகை மேல். அதில் மின்தொடர்பு எல்லாம் குழாய்க்குள்ளேயே மூடி இருப்பதால் தண்ணீர் எப்படி இருந்தாலும் கவலையில்லை, டேங்க் கழுவும்போது மிதவை ஒட்டிக்கொள்ளாமல் ஒரு துடை துடைத்தால் போதும். கேபிளில் தொங்குகிற சுவிட்ச் மிதவையும் உழைக்கும், சின்ன டேங்கில் மட்டும் சுவரில் சிக்கிக்கொள்ளும்.

வாங்கும்போது கடையிலேயே ஒன்று செய்து பாருங்கள். சென்சார் ஒயரைப் பிடுங்கச் சொல்லுங்கள். உடனே மோட்டார் இணைப்பு துண்டிக்கப்பட்டால் வாங்கலாம். தொடர்ந்து ஓடினால் அது வேண்டாம், ஏனென்றால் மாடியில் போகிற ஒயரை அணில் ஒருநாள் கடிக்கத்தான் போகிறது. போர் வற்றினால் மோட்டாரை நிறுத்துகிற வசதியும் அதிலேயே இருக்க வேண்டும், சித்திரை வைகாசியில் அதன் அருமை தெரியும்.

கரண்டு விஷயத்தையும் பார்த்துவிட வேண்டும். மோட்டாரைச் சாதாரண சுவிட்சில் போட்டிருந்தால் ஓடும்போது கரண்டு போய், எல்லோரும் அதை மறந்து வெளியே கிளம்பிய பிறகு கரண்டு வரும், மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். வீட்டில் ஆளில்லாமல் டேங்க் வழிவதில் பாதி இப்படி நடப்பதுதான் என்பது என் கணிப்பு. பொத்தான் வைத்த ஸ்டார்ட்டர் கரண்டு போனதும் விழுந்துவிடும், நாம் திரும்ப அமுக்கினால்தான் ஓடும். ஆட்டோமேட்டிக் வாங்கப் பணமில்லை என்றால் முதலில் இதையாவது மாற்றுங்கள்.

ஆட்டோமேட்டிக் வைத்தாலும் நேரடி சுவிட்ச் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லாமல், ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வீடு வீடாக டேங்க் நிரப்பினார்கள். ஜெனரேட்டரின் ஏறி இறங்குகிற வோல்டேஜைப் பார்த்து ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் அடம்பிடித்தால் அதைத் தாண்டிப் போக ஒரு வழி வேண்டும்.

எதை மாட்டினாலும் வழிகுழாய் இல்லாமல் விடாதீர்கள். உள்ளே வருகிற குழாயைவிட ஒரு அளவு பெரியதாக, மாடியில் கொட்டாமல் நேராகத் தரை வரை இறக்கி, கொசு போகாதபடி வாயில் வலை கட்டி வையுங்கள். துவைக்கிற கல் மேல் விழும்படி விட்டால் சத்தம் அடுப்படி வரை கேட்கும், தனி அலாரமே வேண்டாம்.

பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்க, வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடுகளுக்கு இப்போது வைஃபை கன்ட்ரோலர் வாங்கி அனுப்புகிறார்கள். சரி, அனுப்பட்டும். வீட்டு நெட் போனால் அங்கிருந்து அதை நிறுத்த முடியாது, அதனால் மோட்டாரின் மெயின் சுவிட்ச் எது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் காட்டி வைக்கச் சொல்லுங்கள்.